மூங்கில் செதிலுக்கு ஒரு பெயர்

ஜனவரி 9

பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. முப்பத்திரண்டு வருடம் பூச்சிப் பிரிவில் வேலை பார்த்ததற்கு, வருடம் தவறாமல் கிடைத்த ஒரே மரியாதை இதுதான். ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதமும் இருபத்தொரு நாளும் இருக்கின்றன. இந்த வருடமாவது எழுதுவது என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

காலையில் இயக்குநர் அறையில் கூட்டம். என்னைவிடப் பதினொரு வயது இளையவர். "குழந்தைவேலு சார், போறதுக்குள்ள பேர் சொல்ற மாதிரி ஒரு பேப்பராவது போட்டுட்டுப் போங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மதியம் சாந்தாமணி ஒரு மூங்கில் துண்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். எம்.எஸ்ஸி. படித்தவள். காரமடையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். பதினொரு வருடமாக என் பிரிவில் ஒப்பந்தப் பணியாளராக ஸ்லைடு செய்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் கையெழுத்துப் போட்டால் அவளுக்கு நீட்டிப்பு.

"மேட்டுப்பாளையம் ரோட்டு மூங்கில் தோட்டத்துல கெடச்சதுங்க சார். கணுமேல இருக்கற காஞ்ச மட்டைக்கு உள்ளார ஒட்டியிருந்துச்சு. எப்பவும் பாக்கறதாட்டம் இல்லீங்க."

பார்த்தேன். எள்ளைவிடச் சிறியது. பச்சை கலந்த மஞ்சள். மேலே கண்ணாடி மூடி போட்டதுபோல் ஒரு பளபளப்பு. மூங்கிலில் வழக்கமாக வரும் செதில் பூச்சி.

"எல்லா மூங்கில்லயும் இருக்கறதுதான். தூக்கிப் போடு" என்றேன்.

காபி சிந்திவிட்டது. டம்ளர் சூடு.

ஜனவரி 11

காஸ் சிலிண்டர் வரவில்லை. சுலோசனா பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினாள். நான் போன் செய்து கத்தினேன். பயனில்லை.

ஜனவரி 23

அவள் தூக்கிப் போடவில்லை.

செதில் பூச்சியை அப்படியே வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. காரக் கரைசலில் சூடேற்றி, உள்ளே இருப்பதையெல்லாம் மெல்ல அழுத்தி வெளியேற்றி, வெறும் தோலை மட்டும் மிச்சம் வைக்க வேண்டும். அந்தத் தோலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, சாராயத்தில் கழுவி, கிராம்பு எண்ணெயில் ஊறவைத்து, பிசினில் பதித்தால் ஒரு ஸ்லைடு. எள்ளைவிடச் சிறிய தோல். மூச்சு பட்டால் மடங்கிவிடும். அவள் இருபத்திரண்டு ஸ்லைடு செய்து பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்தாள்.

நுண்ணோக்கியில் வைத்தேன். இந்தக் குடும்பத்துப் பூச்சிகளுக்கு உடம்பின் ஓரம் முழுக்க எட்டு என்ற எண்ணைப் போல நுண்துளைகள் இருக்கும், ஒரே வரிசையாக. இதில் இரண்டு வரிசை. அடுத்த ஸ்லைடிலும் இரண்டு. இருபத்திரண்டிலும் இரண்டு.

"புதுசுங்களா சார்?"

"அவசரப்படாதே. புஸ்தகம் பாக்கணும்."

ஏழு மணிவரை இருந்து பார்த்தேன். உலகத்தில் மூங்கிலில் பதிவான எதிலும் இது இல்லை. முப்பத்திரண்டு வருடத்தில் முதல்முறை.

வீட்டுக்கு வந்து சுலோசனாவிடம் சொன்னேன், "நாங்க ஒரு புதுப் பூச்சி கண்டுபுடிச்சிருக்கோம்" என்று. "கடிக்குமுங்களா?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 6

விவரணை எழுதத் தொடங்கியாகிவிட்டது. பெண் பூச்சிக்குக் காலில்லை, சிறகில்லை. மூங்கிலுக்குள் வாயைச் செருகியவாறு ஆயுள் முழுதும் ஒரே இடம். படம் வரைவதற்கு ஒரு முறை உண்டு: நடுவில் ஒரு கோடு, இடப்பாதியில் முதுகு, வலப்பாதியில் வயிறு. ஒவ்வொரு துளையும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்லச் சாந்தாமணி வரைகிறாள். சரியாகச் சொன்னால், அவள் வரைகிறாள், நான் பார்க்கிறேன்.

"பின்னோரத்துல பதினேழு துளை" என்றேன்.

"பத்தொம்பதுங்க சார். ரெண்டு மடிப்புக்குள்ள போயிருக்குது."

எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது.

போகும்போது ஒரு விளம்பரத் தாளைக் காட்டினாள். வெளியூர் அருங்காட்சியகம் ஒன்றில் பூச்சிச் சேகரிப்புக்குப் பொறுப்பாளர் வேலை. நிரந்தரம். விண்ணப்பிக்க ஜூன் 15 கடைசி. அதற்குள் வெளிவந்த கட்டுரை ஒன்றாவது வேண்டும். "அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிருமுங்க சார். இந்தப் பேப்பர் வந்துட்டாப் போதும்."

"வரட்டும், பாக்கலாம்" என்றேன்.

"பூச்சிக்குப் பேரு ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேனுங்க. எல்லாம் முடியட்டும், சொல்றேன்."

பிப்ரவரி 18

ஓய்வூதியப் படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்து பழைய பதிவோடு ஒத்துப்போகவில்லையாம். பேனா சரியில்லை. புதிது வாங்க வேண்டும்.

மொட்டைமாடித் தொட்டியைக் கழுவ ஆள் வந்தது.

பிப்ரவரி 27

ஒப்பந்தப் பணியாளர் பெயர் கட்டுரையில் வர வேண்டுமென்றால் இயக்குநரின் தனி அனுமதி வேண்டும். அப்படி ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. விண்ணப்பித்தால் எத்தனை நாள் இழுக்கும் என்று யாருக்குத் தெரியும்? எனக்கு இருப்பதோ நான்கு மாதம். இதை அவளிடம் பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னேன்.

"உன் பேரு நன்றி சொல்ற பத்தியில கண்டிப்பா வரும். மொதல் வரியிலயே போடறேன்."

அவள் கையிலிருந்த சிறு தூரிகையைத் துடைத்து வைத்தாள்.

"நன்றிங்கற எடத்துலயாங்க சார்?"

"சட்டம் அப்படி இருக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

"அனுமதி கேட்டுப் பாத்தீங்களா?"

அது கேட்கிற முறையா? பதினொரு வருடமாக யார் கையெழுத்தில் வேலை பார்க்கிறாள்? "வேலையைப் பாரு" என்றேன். போய்ப் பார்த்தாள். இன்றைக்கும் ஆறு மணிவரை இருந்துதான் போனாள்.

மார்ச் 4

கட்டுரையை அனுப்பிவிட்டேன். ஆசிரியர்: ரா. குழந்தைவேலு. பூச்சிக்கு மூங்கிலின் பெயரையே வைத்தேன். 'மூங்கில் கணுமட்டையின் உட்புறம் கண்டெடுத்தேன்' என்று எழுதும்போது மனம் நிறைந்தது. வருகிறபோது சுலோசனாவுக்கு மல்லிகை வாங்கிவந்தேன். "என்னங்க விசேஷம்?" என்றாள்.

மார்ச் 13

சாந்தாமணி மறுபடி வந்து நின்றாள். "ரெண்டாவது பேராவாச்சும் போட முடியுமுங்களா சார்?" என்றாள். அனுப்பியாகிவிட்டது என்றேன். "இயக்குநரை நானே பாத்து ஒரு வார்த்தை கேக்கட்டுங்களா?" என்றாள்.

மரியாதையாகத்தான் கேட்டாள். ஆனாலும் அது மிரட்டல் இல்லாமல் வேறென்ன?

மார்ச் 31

ஆண்டிறுதி. மூச்சு விட நேரமில்லை.

ஏப்ரல் 2

சாந்தாமணியின் ஒப்பந்த நீட்டிப்புக் கோப்பு நேற்றுமுன்தினமே போயிருக்க வேண்டும். ஆண்டிறுதி அமளியில் மறந்துவிட்டேன். தேதி தாண்டினால் பழைய ஒப்பந்தம் செல்லாது. புதிதாக விளம்பரம் கொடுத்துத்தான் ஆள் எடுக்க வேண்டும். நிர்வாகப் பிரிவில் சொல்லிவிட்டார்கள்.

அவள் சாவிகளை மேசையில் வைத்தாள். ஸ்லைடு பெட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் எழுதியிருந்தாள், நான்கு பக்கம். "சாய பாட்டில் ரெண்டாவது தட்டுல இருக்குதுங்க சார். மூடியை இறுக்கி வெக்கணும், இல்லாட்டி உறைஞ்சு போயிரும்" என்றாள்.

"ஒரு ரெண்டு மாசம் பொறு. நான் பேசிப் பாக்கறேன்" என்றேன்.

"சேரிங்க சார்."

ஏப்ரல் 22

மதிப்பீட்டாளர்களின் குறிப்பு வந்தது. இருவருமே நல்ல விதமாக எழுதியிருக்கிறார்கள். 'படங்கள் மிக நேர்த்தி' என்று ஒருவர் இரண்டு முறை எழுதியிருக்கிறார். ஆனால் பூச்சியின் முதல் பருவக் குஞ்சையும் விவரிக்க வேண்டுமாம். அதற்குக் குஞ்சுகளின் ஸ்லைடு ஆறாவது வேண்டும். அது ஒரு பெரிய விஷயமில்லை. நான் செய்யாத ஸ்லைடா?

ஏப்ரல் 24

மூங்கில் தோட்டத்துக்குப் போய்க் குஞ்சுகளோடு இருக்கும் மட்டைகளைச் சேகரித்துவந்தேன். நல்ல வெயில்.

ஏப்ரல் 25

நான்கு போட்டேன். நான்கும் கிழிந்தன. ஊசி தடிமன்.

ஏப்ரல் 28

மெல்லிய ஊசி வாங்கினேன். ஒன்பது போட்டேன். இரண்டு மடங்கிவிட்டன. மீதி எங்கே போயின என்றே தெரியவில்லை. கண்ணாடித் தகட்டை இறக்கும்போது கை மேசையில் தட்டிக்கொண்டே இருக்கிறது. மின்விசிறியை நிறுத்திப் பார்த்தேன். அறைக்கதவைச் சாத்திவிட்டு இடக்கையால் வலக்கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

ஏப்ரல் 30

சாய பாட்டில் உறைந்துவிட்டது.

மே 3, ஞாயிறு

காரமடைக்குப் போனேன். சுலோசனாவிடம் ஒரு கல்யாணம் என்று சொன்னேன்.

சந்துக்குள் ஓட்டு வீடு. அடுத்த கட்டடத்தில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கணவருக்கு அங்கேதான் வேலை. பேசுவதே காதில் விழவில்லை. என்னைக் கண்டதும் கதவைச் சாத்தி, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். இப்போது மேட்டுப்பாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலையாம். காலை ஆறு மணிக்குப் போக வேண்டுமாம்.

குஞ்சு ஸ்லைடு ஆறு வேண்டும் என்று சொன்னேன்.

"நீங்க போட்டுப் பாத்தீங்களா?"

"நேரமில்ல."

அவள் என் வலக்கையைப் பார்த்தாள். அதை மடிக்குள் வைத்திருந்தேன்.

"கை இப்ப எப்படிங்க இருக்குது சார்?"

"கைக்கு என்ன?"

"நாலு வருசமாப் பாக்கறேனுங்களே. அதனாலதான் ஸ்லைடெல்லாம் நானே போட்டுக் கொண்டாந்து வெச்சிருவேன். நீங்களாச் சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேனுங்க."

தண்ணீர் கொடுத்தாள். டம்ளரைப் பாதிதான் நிரப்பியிருந்தாள்.

"பூச்சிக்கு என்ன பேருங்க வெச்சிருக்கீங்க?"

சொன்னேன்.

"நான் உங்க பேரை வெக்கலாம்னு இருந்தேனுங்க" என்றாள். "எழுதறவங்க தன் பேரைத் தானே வெச்சுக்க முடியாதுங்களே. இத்தனை வருசம் பாத்தும் உங்க பேருல ஒரு பூச்சிகூட இல்ல. அதனால நான் எழுதி, நான் வெக்கலாம்னு."

குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள். ஸ்லைடு விஷயத்தை யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். பஸ்ஸில் உட்கார இடமில்லை.

மே 5

நியாயம் என்று ஒன்று இருக்கிறது. இயக்குநரைப் பார்த்து அனுமதி கேட்டேன். ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினேன்: இக்கட்டுரையின் முழு உழைப்பும் சாந்தாமணியுடையது, அவர் பெயர் மட்டுமே ஆசிரியராக வர வேண்டும், பூச்சிக்குப் பெயரிடும் உரிமையும் அவருக்கே.

முதலில் என்னை இரண்டாம் ஆசிரியராகப் போட்டிருந்தேன். ஆசிரியர்களில் ஒருவருடைய பெயரையே பூச்சிக்கு வைத்தால் நாலு பேர் பேசுவார்கள். எடுத்துவிட்டேன்.

இயக்குநர் எழுந்து நின்று கை கொடுத்தார். சுலோசனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், காரமடை போனதையும். கண் கலங்கிவிட்டாள். "பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றாள்.

பெயரின் கடைசியில் லத்தீன் விகுதி ஒன்று சேர்க்க வேண்டும். குழந்தைவேலுயி. தாளில் எழுதிப் பார்த்தேன். கொஞ்சம் நீளம். ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

மே 7

சாந்தாமணிக்குப் போனில் விஷயத்தைச் சொன்னேன். தறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ஞாயித்துக்கெழமை வர்றேனுங்க சார்" என்றாள்.

மே 10, ஞாயிறு

எங்கள் சாப்பாட்டு மேசையில், நான் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த நுண்ணோக்கியையும் புதுச் சாயத்தையும் வைத்துக்கொண்டு சாந்தாமணி வேலை செய்தாள். சுலோசனா இட்லியை ஆறவிட்டுப் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள், மூச்சு படக்கூடாது என்று யாரும் சொல்லாமலே. குஞ்சு ஒவ்வொன்றும் ஊசிமுனை அளவுகூட இல்லை. ஒன்றுகூடக் கிழியவில்லை. சாயம் ஊற வைத்துவிட்டு, மீதியை அடுத்த ஞாயிறு முடிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

போன பிறகு சுலோசனா கேட்டாள்: "இத்தனை வருசமா நீங்க பண்ணதுன்னு எங்கிட்டக் காட்டுன ஸ்லைடெல்லாம் அவங்க பண்ணதுங்களா?"

"எல்லாமில்ல."

அவள் மேசையைத் துடைக்கப் போய்விட்டாள். சாந்தாமணியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'அவங்க' என்றே சொல்கிறாள்.

மே 17, ஞாயிறு

ஆறு ஸ்லைடும் முடிந்தன. குஞ்சின் படமும் வரைந்தாயிற்று. கட்டுரையின் முதல் பக்கத்தை எடுத்து அவளே பெயரை எழுதினாள். நான் நாளிதழைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேரு வெச்சாச்சா?" என்று கேட்டேன்.

"ஆச்சுங்க சார். லத்தீன்ல 'ரெட்டை வரிசை'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி வெச்சுட்டேனுங்க. பாத்தாலே இன்னதுன்னு தெரியுமில்லீங்களா."

நாளிதழை மடித்தேன். "நீ மொதல்ல வேற என்னமோ நெனச்சிருந்தியே?"

"அது அப்பங்க சார்" என்றாள்.

சுலோசனா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மே 5 அன்று சொன்னதை அவள் இனி ஒருபோதும் சொல்லமாட்டாள். சாந்தாமணிக்குத் தேங்காய் பர்பி கட்டிக்கொடுத்து, பஸ் நிறுத்தம்வரை கூடவே போய்விட்டு வந்தாள்.

மே 29

பத்திரிகையிலிருந்து கடிதம். ஆசிரியர் பெயரை முழுவதும் மாற்றுவதற்கு விளக்கம் கேட்கிறார்கள். அவர்கள் குழு கூடிப் பார்த்த பிறகுதான் அச்சுக்குப் போகுமாம். யார் செய்தது, எப்போது செய்தது, முதலில் ஏன் அந்தப் பெயர் இல்லை என்று மூன்று கேள்விகள். மூன்றாவதற்கு 'கவனக்குறைவு' என்று எழுதினேன்.

ஜூன் 8

குழு இன்னும் கூடவில்லை. பத்திரிகை அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் செய்தேன். மாம்பழம் வாங்கினேன். எல்லாம் புளிப்பு.

ஜூன் 15

வரவில்லை.

ஜூன் 26

கட்டுரை வெளிவந்துவிட்டது. பதினொரு நாள் தாமதம். ச. சாந்தாமணி என்று தலைப்பின் கீழ் தடித்த எழுத்தில் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்குப் போன் செய்து, பதினொரு நாள்தானே, நான் வேண்டுமானால் கடிதம் தருகிறேன் என்றேன். "நீங்க யாருங்க?" என்றார்கள்.

மார்ச் மாதமே அவள் பெயரோடு போயிருந்தால் விளக்கக் கடிதம் வந்திருக்காது. ஏப்ரலில் அவள் வேலையில் இருந்திருந்தால் குஞ்சு ஸ்லைடு இரண்டே நாளில் முடிந்திருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மே மாதக் கடைசியில் வெளிவந்திருக்கும். இரண்டு முறை போட்டேன்.

ஜூன் 30

வழியனுப்பு விழா. சால்வை, சந்தன மாலை, சுவர்க்கடிகாரம். இயக்குநர் பேசும்போது, ஒரு ஒப்பந்தப் பணியாளருக்காகத் தன் பெயரையே விட்டுக்கொடுத்தவர் குழந்தைவேலு சார் என்றார். நல்ல கைதட்டல். சுலோசனா முன்வரிசையில் இருந்தாள். கையை மடியில் வைத்திருந்தாள். தட்டவில்லை.

ஏற்புரையில் நான்கு வார்த்தை பேசினேன். ஒலிவாங்கியைப் பிடித்த கையை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

ஜூலை 9

சுலோசனா நரம்பு மருத்துவரிடம் அழைத்துப்போனாள். எத்தனை நாளாக இந்த நடுக்கம் என்று கேட்டார். "இப்பத்தான், ஒரு ஆறு மாசமா" என்றேன். "நாலு வருசமா" என்றாள் சுலோசனா. யார் சொல்லி அவளுக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. சில ரத்தப் பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுத்தார்.

ஜூலை 11

ஊரில் எத்தனையோ பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்துக்குத்தான் போனேன். வெறும் வயிற்றோடு முதல் பஸ்.

வரிசையில் ஏழாவது ஆள். திரைக்குப் பின்னால் சாந்தாமணி வெள்ளைக் கோட்டில் இருந்தார். சீட்டை வாங்கிப் பார்த்து, "உக்காருங்க சார்" என்றார். கையை மேசைமேல் நீட்டச் சொன்னார். நீட்டினேன். அது ஆடியது. மறைக்க வழியில்லை. இடக்கையால் என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்து, மேலே ரப்பர் பட்டையைக் கட்டினார்.

அங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது பலவிதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். அந்த வேலை போனதற்கு வருத்தம், வேறு இடத்தில் சிபாரிசு செய்கிறேன், இப்படி. வாயில் வேறு வந்தது.

"மார்ச் கடைசியில அந்த ஃபைல் என் மேசைமேலதான் இருந்துச்சு. நான் மறக்கல."

அவர் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தார். பஞ்சால் இரண்டு முறை துடைத்தார்.

"தெரியுமுங்க சார்" என்றார். "கையை இறுக்கி மூடுங்க. ஆட்டாதீங்க."

ஊசி ஒரே முறையில் ஏறியது. வலிக்கவில்லை. இரண்டு குப்பிகளில் ரத்தம் எடுத்து, மூடி, என் பெயரை எழுதி ஒட்டினார். பஞ்சை வைத்து முழங்கையை மடக்கிவிட்டார்.

"அஞ்சு நிமிசம் இப்படியே அழுத்திப் புடிச்சிருங்க. ரிப்போர்ட் சாயங்காலம் குடுப்பாங்க. உங்களால மறுபடி வர முடியாட்டி சுலோசனாக்காவை அனுப்புங்க."

பிறகு திரையை விலக்கி அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.